பதினாறு பீரங்கியும் ஒரு கட்டு அட்டையும்

என் பேரன் ஒரு கப்பல் கட்டியிருக்கிறான். கட்டினேன் என்று அவன் சொல்கிறான். அது பெட்டியில் வந்தது. மரத்துண்டுகளை மிஷின் வெட்டி, நம்பர் போட்டு, பிளாஸ்டிக் கவரில் அடைத்து அனுப்பியிருந்தது. ஒன்றாம் நம்பரை இரண்டாம் நம்பரில் சொருகு, மூன்றாம் நம்பருக்குப் பசை போடு. இதற்கு எஞ்சினியரிங் படிப்பு. வெள்ளைக்காரன் காலத்துப் போர்க்கப்பலாம். மூன்று பாய்மரம், இரண்டு பக்கமும் பீரங்கி. பழசாகத் தெரியட்டும் என்று காபித்தூள் கரைத்துப் பூசினான். அப்புறம் ஜன்னலுக்கு ஜன்னல் நீல லைட் வைத்தான். பழசாகவும் தெரிய வேண்டுமாம், லைட்டும் எரிய வேண்டுமாம்.

"கஸ்டமைஸ் பண்ணிட்டேன் தாத்தா."

"கிழிச்ச," என்றேன்.

என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தறி வீட்டில் தார் சுற்றி, பாவு பிடித்து வளர்ந்த நெசவுக்காரர்களுக்கு. நாலாம் கிளாஸோடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இப்போது வேறு என்ன வேலை?

ஆரணியில் எங்கள் தெருவில் கடலைப் பார்த்தவன் ஒருத்தன் கிடையாது. நம் ஆற்றில் தண்ணீர் வந்தாலே பார்க்கக் கூட்டம் போகும். அப்படிப்பட்ட தெருவில், எனக்குப் பத்து வயசு இருக்கும்போது, எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் ஒரு போர்க்கப்பல் கட்டினோம். பேரனுடையது முழ நீளம். எங்களுடையதில் என்னை மடக்கிப் படுக்க வைக்கலாம்.

கப்பல் கதை என்றால் என் தாய்மாமனில் ஆரம்பிக்க வேண்டும். வேண்டாம் என்றாலும் விடமாட்டான், செத்தும் முன்னால் வந்து நிற்பான்.

மாமா மெட்ராஸ் ஹார்பரில் வேலை பார்த்துவிட்டு ஓர் ஆடி மாசம் வீட்டுக்கு வந்தான். பேண்ட், கறுப்புக் கண்ணாடி, வாயில் ஏலக்காய். கப்பலுக்குள்ளேயே நடந்தேன், பீரங்கியைத் தொட்டேன், கேப்டன் எனக்குக் கை கொடுத்தார் என்பான். அவன் ஹார்பர் கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினான் என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது. கிளாஸ் கழுவுவது கேவலம் இல்லை. கழுவின கிளாஸை வைத்துக்கொண்டு கேப்டன் கதை சொன்னான் பாருங்கள், அதுதான். என் அம்மா அதை வாய் பிளந்து கேட்டாள். தம்பியல்லவா.

"என் தம்பிக்கு இல்லாத பொண்ணு வேற எவனுக்கு?" என்பாள். பொண்ணு என்றால் என் அக்கா. பதினேழு வயசு. நம்மில் தாய்மாமனுக்குக் கொடுப்பது வழக்கம்தான்.

அப்பா தறிக்குழியில் காலை விட்டபடி, நிமிராமல் சொல்வார். "குடுக்கறேன். மொதல்ல ஒரு வேலய காட்டச் சொல்லு."

அக்காவை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளை எவனாவது படித்தால் அவனுக்கும் சொல்லிவிடுகிறேன். சேலையில் பூ விழ வேண்டிய இடத்தில் அட்டையில் ஓட்டை இருக்கும். ஓட்டை இருந்தால் அந்த நூல் எழும்பும், இல்லையென்றால் படுத்திருக்கும். ஒரு மயிலுக்கே கட்டுக் கட்டாய் அட்டை. அக்கா வீட்டில் உட்கார்ந்து அட்டைக்கு ஓட்டை குத்துவாள், வரிசையாய்க் கோர்ப்பாள். குத்தின அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது அன்னத்தோட கழுத்து, இங்கதான் திரும்புது," என்பாள். நான் பார்ப்பேன். எனக்கு வெறும் ஓட்டைதான் தெரியும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. எங்களுக்கு வேலை கொடுக்கிற பட்டு முதலாளியின் கடை மாடியில் டிசைன் ரூம் என்று ஒன்று. கட்டம் போட்ட காகிதத்தில் பென்சிலால் டிசைன் போடுகிற இடம். உள்ளே நாற்காலி, மேசை, தலைக்கு மேல் ஃபேன்.

"அந்த ரூம்ல குந்திகினு கட்டம் ரொப்பணும்டா. அது போதும். மாமனும் வோணாம், எவனும் வோணாம்," என்று என்னிடம் சொன்னாள். என்னிடம் மட்டும்.

அந்த முதலாளிக்கு எதிர்த்தெரு முதலாளியோடு போட்டி. எதில்? கொலுவில். போன வருஷம் எதிர்த்தெரு வீட்டுக் கொலுவில் பொம்மை ரயில் ஓடியது. மூன்று சுற்று ஓடிவிட்டு சுண்டல் தட்டில் போய் விழுந்தது, இருந்தாலும் ஓடியது. அதில் நம் முதலாளிக்கு வருஷம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. லட்சாதிபதி. ரயில் பொம்மைக்கு அழுதான்.

அவனுக்கு எங்கிருந்தோ ஒரு காலண்டர் கிடைத்தது. அதில் மரப் போர்க்கப்பல் படம். என் மாமாவின் ஹார்பர் புகழும் காதுக்கு எட்டியிருந்தது. கூப்பிட்டு அனுப்பினான். மாமாவுக்குத் துணையாக நானும் போனேன்.

"ஆயுத பூஜ அன்னிக்கி என் வூட்ல ஆயுதமே வெக்கறேன்யா. முடியுமா?"

"மொதலாளி, நான் பாக்காத கப்பலா?"

"பீரங்கி அசையணும். சும்மா நிக்கறதுன்னா பொம்மக் கடையில வாங்கிக்குவேன். ஒன்னு ஒன்னா எட்டிப் பாக்கணும். அசஞ்சிச்சின்னா, செஞ்ச கைக்கு நம்ம டிசைன் ரூம்ல எடம்."

செஞ்ச கைக்கு. நான் வீட்டுக்கு ஓடிவந்து அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன். அவள் கையில் இருந்த உளியைக் கீழே வைத்தாள். முட்டாள் பெண். அந்த வார்த்தையை அதன் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டாள்.

மாமா முதலில் தானே கட்டிப் பார்த்தான். ஒரு வாரம் அடித்தான், அறுத்தான், பீடி பிடித்தான். வந்தது கப்பல் இல்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "தவிடு எப்ப போடப் போற?" என்றார். அம்மாதான் அக்காவைக் கெஞ்சினாள், மாமனுக்குக் கொஞ்சம் கை கொடுடி என்று.

அக்கா தொட்டியைப் பிரித்துப் போட்டாள். மூங்கிலைக் கீற்றுக் கீற்றாகப் பிளந்தோம். பட்டு வேகவைக்கிற அண்டாவில், அந்த சவுக்காரத் தண்ணீரிலேயே போட்டு எடுத்தால் மூங்கில் நாம் சொன்னபடி வளைந்தது. மீன் முள் மாதிரி வரிசையாய் நிறுத்தினோம். சூரத்தில் இருந்து ஜரிகை வந்த மரப்பெட்டிகளின் பலகையை இழைத்து மேலே அறைந்தோம். கடைசி வரைக்கும் அந்தக் கப்பலில் வெந்த பட்டுப்புழு நாற்றம் போகவில்லை. பீரங்கிக்கு, நூல் சுற்றுகிற தார் குச்சி. கப்பலின் பக்கத்தில் தொங்குகிற சின்னப் படகுகளுக்குத் தறியில் ஓடித் தேய்ந்த நாடாக் கட்டை நாலு. பாய்மரக் கயிற்றுக்கு ஜக்கார்டு நூல். ஓர் இடத்தில்கூட முடிச்சு கிடையாது. புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு சேர்க்கும்போது சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்போமே, அப்படிப் பிணைத்தாள். பேரன் கப்பலில் கயிறு எல்லாம் பசையில் ஒட்டியிருக்கிறது.

நடுவில் முதலாளி வீட்டில் இருந்து உத்தரவு வந்துகொண்டே இருக்கும். பாய் எல்லாம் பட்டில் வேண்டும், அதற்கு ஜரிகை பார்டர் வேண்டும். சண்டைக்குப் போகிற கப்பல், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. கொடியில் கடை முத்திரை வேண்டும். காலண்டர் படத்தில் கப்பலின் மூக்கில் ஒரு பெண் சிலை, மேலே துணி இல்லாமல். முதலாளியம்மா பார்த்துவிட்டு, "அய்யய்யோ, மொதல்ல அவளுக்கு ஒரு சீல கட்டுங்க," என்றாள். சேலை கட்டினோம். மூக்குத்தி போட்டோம். நெற்றியில் குங்குமம் வைத்தோம். கப்பலுக்குக் கிளிப்பச்சை அடித்தது மாமா. அவன் செய்த வேலை அது ஒன்றுதான். அதையும் ஒரு பக்கம் திட்டுத் திட்டாக அடித்தான்.

பீரங்கிதான் பெரிய பாடு. பக்கத்துக்கு எட்டு, மொத்தம் பதினாறு. அக்கா மூன்று நாள் பேசவே இல்லை. நாலாம் நாள் ஜக்கார்டு பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி, "இதயே கவுத்து வெச்சா?" என்றாள்.

அதைத்தான் செய்தாள். ஒவ்வொரு பீரங்கியும் ஓர் ஆணியில் ஆடும். வாலில் ஒரு நூல். நூலைக் கீழே இழுத்தால் வால் இறங்கும், வாய் எழும்பி ஜன்னல் மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். பதினாறு நூலும் கப்பல் வயிற்றைத் துளைத்து, கொலுப்படிப் பலகையைத் துளைத்து, கீழே ஒளிந்திருக்கிற சின்ன ஜக்கார்டு பெட்டிக்குப் போகும். வெளியே ஒரே ஒரு கயிறு. அதை ஒரு தரம் இழுத்தால் ஓர் அட்டை திரும்பும், அதில் எந்த ஓட்டை இருக்கிறதோ அந்தப் பீரங்கி மட்டும் எழும்பும். அட்டையை மாற்றிக் கோர்த்தால் சுடுகிற வரிசையே மாறும். உங்களில் மில்லில் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள், இப்படி ஒன்று கேள்விப்பட்டதுண்டா? பதினேழு வயசுப் பெண் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

முதல் தரம் அது வேலை செய்தபோது அம்மா கையைத் தட்டி, "என் தம்பி மூளையே மூளை!" என்றாள்.

அக்கா சொன்னாள், "அம்மா, நான் செஞ்சது."

"மாமன் சொல்லச் சொல்ல செஞ்ச."

"அவரு எங்க சொன்னாரு? தூங்கிகினு இருந்தாரு."

"வாய மூடு. பொட்டச்சிய டிசைன் ரூம்ல குந்த வெப்பாங்களா? அவனுக்கு வேல கெடச்சா உனக்குத்தானே நல்லது?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தறியைப் பார்த்தார். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இன்னா கண்ணு, உன்து என்து இன்னா கீது இதுல?" என்றான். பிறகு என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். "வேல கெடைக்கட்டும்டா. உன்ன மெட்ராசுக்கு இட்டுகினு போயி கடலு காட்றேன்." நான் அதை நம்பினேன். பத்து வயசில் புத்தி எங்கே இருக்கும், கடல் மாதிரித் தெரிகிற பக்கம் போகும்.

ஆயுத பூஜை அன்று காலையில் வழக்கம்போலத் தறியைத் துடைத்துச் சந்தனம் வைத்தோம். மணையில் நாடா, தார், கத்தரி எல்லாம் பரப்பினார் அப்பா. கப்பல் முந்தின நாளே முதலாளி வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா உள்ளே இருந்து கப்பலின் அட்டைக் கட்டைக் கொண்டுவந்தாள். துடைத்துத் தருகிறேன் என்று முதலாளி வீட்டில் இருந்து கழற்றி வந்திருந்தாளாம்.

"இதுவும் தொழில் சாமான்தானேப்பா?"

அப்பா ஒரு நொடி அவளைப் பார்த்தார். வாங்கி, நாடாவுக்குப் பக்கத்தில் வைத்து, தானே குங்குமம் இட்டார். கற்பூரம் காட்டினார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான்.

"அட்ட எங்க? எடு, ஜல்தி! ஊரே வந்து குந்திகினு கீது!"

"பூஜையில கீது மாமா," என்றாள் அக்கா. தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக் குடு."

"சாமிகிட்ட வெச்ச ஆயுதத்த அன்னிக்கே எடுக்கலாமா? அப்பாவ கேளுங்க."

அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "தொடக் கூடாது. நாளைக்கு காலைல மறுபூஜ போட்டுத்தான். ஹார்பர்ல சொல்லித் தரலியா?"

அம்மாவும் வாய் திறக்கவில்லை. சாமி குத்தம் என்றால் அவளுக்குத் தம்பிகூட இரண்டாம் பட்சம்.

"அட்ட இல்லன்னா இன்னா ஆவும்?" என்றான் மாமா. அவன் செய்த கப்பல், அவனுக்கே தெரியவில்லை.

"பதினாறும் ஒன்னா எழும்பப் பாக்கும். அந்தக் கயிறு தாங்காது. அசையாது," என்றாள் அக்கா. தலை சீவின மாதிரி சாதாரணமாய்ச் சொன்னாள்.

இப்போது எனக்குத் தெரிகிறது. மாமாவை ஊருக்கு நடுவில் நிறுத்தி, எங்கே காட்டு என்று கேட்க வைக்கப் பார்த்தாள். அவன் விழிப்பான். செய்தவன் அவன் இல்லை என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். டிசைன் ரூம் தனக்குக் கிடைக்காவிட்டாலும் அவனுக்குக் கிடைக்காது. வேலை இல்லாதவனுக்கு அப்பா பெண் கொடுக்க மாட்டார். அப்பாவுக்கும் அது புரிந்திருந்தது. வாயால் சொல்லத் துப்பில்லாத மனுஷன், குங்குமம் வைத்துச் சொன்னார். ஒரு வார்த்தை சத்தமாய்ச் சொல்லியிருந்தால் குங்குமம் மிச்சமாகியிருக்கும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மாமா தெருமுனையில் குந்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"மாமா, நான் கீழ பூந்துக்கறேன். நூல நான் இழுக்கறேன்," என்றேன்.

யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். என்னைப் போல ஒரு நாய் உண்டா?

கொலுப்படி என்பது பெட்டிகளும் பலகைகளும், மேலே வெள்ளை வேட்டி. பின்பக்கமாக நுழைந்து உட்கார்ந்தேன். உள்ளே எண்ணெய்ப் புகையும் சுண்டல் வாசனையும். வேட்டிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி, அதில் வரிசையாகப் பெண்களின் கால்கள். அதில் அக்கா காலும் இருந்தது. உளி விழுந்த தழும்பு, எனக்குத் தெரியாதா? பெட்டியைக் கழற்றி நகர்த்தினேன், நூல்களைக் கையில் பிடித்தேன்.

மேலே முதலாளி குரல். "எங்க, சுடு பாக்கலாம்!"

மாமா கயிற்றை இழுக்கிற மாதிரி இழுத்தான். நான் என் இடது கோடி நூலை இழுத்தேன். மேலே "ஆ!" என்று ஒரு சத்தம். இரண்டாவது. மூன்றாவது. கூட்டத்தைப் பார்த்த பக்கத்து எட்டும் எழும்பின. கை தட்டல். குழந்தைகள் கத்தின. "இன்னொரு தபா!" என்றான் முதலாளி. இன்னொரு தரம் இழுத்தேன்.

அக்காவின் கால் கட்டைவிரல் மட்டும் உள்ளே மடங்கியது. அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கால் வரிசையில் இருந்து போய்விட்டது.

மாமாவுக்குச் சால்வை. "ஹார்பர் கைன்னா சும்மாவா?" என்றார் யாரோ ஒரு பெரிய மனுஷர், எட்டு பீரங்கி பார்த்துவிட்டுக் கடலையே அளந்தவர் மாதிரி. மறுநாள் மறுபூஜை போட்டு அப்பா அட்டைக் கட்டை எடுத்தார். பார்த்தார், என்னையும் பார்த்தார். அக்கா அதை வாங்கி, கோர்த்த நூலை அறுத்து, ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தாள். தை மாசம் கல்யாணம்.

மாமா டிசைன் ரூமில் போட்ட முதல் மயில், கோழி மாதிரி இருந்தது. அதற்கப்புறம் காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்தான். அவன் சாப்பிட்டு ஏப்பம் விட, அக்கா தரையில் குந்திக் கட்டம் ரொப்பினாள். நாற்காலி கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. அவன் ரிட்டயர் ஆனபோது மாலை போட்டு, டிசைன் மன்னன் என்றார்கள். என்னைக் கடலுக்குக் கூட்டிப் போகவில்லை. நானே பின்னால் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். அதற்காகவா என்று இருந்தது.

கப்பல்? பட்டுப் பாயை முதலாளியம்மா கண்ணாடி துடைக்க எடுத்துக்கொண்டாள். நான் கடைசியாகப் பார்த்தபோது அது கடை மூலையில் கிடந்தது, உள்ளே பிளாஸ்டிக் பூ.

போன மாசம் அக்கா சேவூரில் இருந்து தன் மகனோடு வந்திருந்தாள். பேரன் போனைத் தட்டி நீல லைட்டை எரியவிட்டுக் காட்டினான். அக்கா மகன் உடனே ஆரம்பித்தான். "எங்கப்பா செஞ்ச கப்பலு தெரியுமாடா? அட்ட வெச்சே பீரங்கி ஓட்னாரு. ஊரே பேசும்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவர்கள் இரண்டு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். அக்கா கப்பலுக்குப் பக்கத்தில் போய், ஒரு கயிற்றை நகத்தால் நிமிண்டினாள். பசை விட்டுக் கையோடு வந்தது.

"அன்னிக்கி பீரங்கி வால் பக்கத்துல இருந்து எழும்பிச்சி," என்றாள், திரும்பாமல். "நான் அட்டைல மூக்குல இருந்து குத்தியிருந்தேன். ஊருக்கெல்லாம் எந்தப் பக்கமா இருந்தா இன்னா. எனக்குத் தெரியாதா, பின்னால குந்திகினு இழுத்தா எடது வலதாவும்னு? அந்தக் கொலுப்படிப் பூழைக்குள்ள பூர்றதுக்கு நம்ம வூட்ல நீ ஒருத்தன்தான் சைசு."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"ஏன் கேக்கல? இத்தினி வருசத்துல ஒரு வார்த்த..."

"கேட்டா? உன்ன அடிச்சிருப்பாங்க. என்ன எப்டியும் கட்டிக் குடுத்திருப்பாங்க. ரெண்டு பேரு எதுக்கு?"

வந்த கயிற்றைத் திரும்ப வைக்கப் பார்த்தாள். சாம்பல் இருக்கிறதா என்று கேட்டாள். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவேன்? இல்லை என்றேன்.

"அப்ப வுடு," என்று கயிற்றை மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "துன்னு. சோறு ஆறுது."